பூனை தட்டுக்கு வெளியே போனால்: அறிகுறியிலிருந்து பிழையைக் கண்டறியும் வழிமுறை

சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டில் மூன்று பூனைகளும், ஏற்காட்டில் என் தங்கை வீட்டில் இரண்டு பூனைகளும் வளர்கின்றன. இரண்டு வீடுகளுக்கும் இடையே இருப்பது இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட ஒரு மலைப்பாதைதான். ஆனால் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஏற்காட்டின் ஈரமும் கீழே நகரத்தின் வெயிலும், பூனை கழிப்பதற்காகத் தட்டில் பரப்பும், ஒரே மூட்டையில் வந்த மணலை இரண்டு வேறு பொருள்களாக மாற்றிவிடுகின்றன. ஒரு வீட்டில் சரியாக நடப்பது மற்றொரு வீட்டில் பிழையாவதைப் பல முறை பார்த்த பிறகே, அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் இந்த வரிசையை எழுதிவைத்தேன்.

பூனை பழிவாங்குவதற்காகவோ திமிரினாலோ வீட்டை அசுத்தம் செய்வதில்லை. உடம்பில் நோவு இருக்கிறது, அல்லது தட்டு சரியில்லை, அல்லது மணல் சரியில்லை, அல்லது தட்டு இருக்கும் இடம் சரியில்லை. இந்த நான்கில் ஒன்றையே அது தெரிவிக்கிறது. நான் பார்த்தவரை மணல் தொடர்பான பிழைகளில் பெரும்பாலானவை இருப்பு குறைந்த நாள்களில்தான் தொடங்குகின்றன. மூட்டை தீரப்போகிறது என்பதால் மெல்லியதாகப் பரப்புகிறோம், மாற்ற வேண்டிய மணலை இன்னும் ஒரு வாரம் ஓட்டுகிறோம், கடையில் கிடைத்த வேறு வகையை அவசரத்தில் வாங்கி வருகிறோம். பூனை அதைத்தான் மறுக்கிறது.

இந்த மணல் கடையில் ‘கேட் லிட்டர்’ என்று கேட்டால்தான் கிடைக்கும். ஆனால் கொள்ளளவைக் குறிக்கும் லிட்டரும் இக்கட்டுரையில் வருவதால், குழப்பம் நேராதபடி அதைப் பூனை மணல் என்றும், அதைப் பரப்பிவைக்கும் பெட்டியைத் தட்டு என்றும் எழுதுகிறேன். உங்கள் வீட்டு அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே செல்லலாம். முதல் பகுதியை மட்டும் அனைவரும் படித்துவிட வேண்டும்.

தட்டில் ஏறி உட்காருகிறது, சிறுநீர் வரவில்லை

இது மணலின் பிழை அன்று, உயிராபத்து. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. சிறுநீரில் உருவாகும் படிகங்களும் சளி போன்ற கழிவும் அதில் அடைத்துக்கொண்டால், வெளியேற வேண்டிய நஞ்சு இரத்தத்தில் தேங்கி, பொட்டாசியம் கூடி, ஓரிரு நாள்களில் பூனை இறந்துவிடக்கூடும். திரும்பத் திரும்பத் தட்டுக்குப் போவது, முக்குவது, கத்துவது, பின்பகுதியை ஓயாமல் நக்குவது, பிறகு வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்துக்கொள்வது ஆகியவை அடையாளங்கள். இதை மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் புகட்டி ஒரு நாளை வீணாக்குபவர்கள் இருக்கிறார்கள். வயிற்றை அழுத்தக் கூடாது. நாம் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரையை வலிக்காகக் கொடுக்கவே கூடாது, அது பூனைக்கு நஞ்சு.

அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். ஏற்காட்டில் இருப்பவர்கள் விடியட்டும் என்று காத்திருக்காமல் மலையிறங்கிவிடுவது நல்லது. நாமக்கல்லில் 1985 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி சேலத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் இருக்கிறது, நம் மாவட்டத்தில் தலைவாசலிலும் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உங்கள் பகுதி மருத்துவரின் எண்ணோடு இவற்றின் எண்களையும் தட்டு இருக்கும் சுவரிலேயே ஒட்டி வைத்திருங்கள்.

சிறுநீர் பட்ட இடத்தில் இறுகிக் கட்டியாகும் மணலுக்கு உள்ள முதல் சிறப்பும் இதுவேதான்: எண்ண முடிகிறது. நலமாக உள்ள ஒரு பூனை நாளொன்றுக்கு இரண்டு முதல் நான்கு சிறுநீர்க் கட்டிகளை விட்டுச்செல்லும். ஒன்றுமே இல்லாத நாள் எச்சரிக்கை. நெல்லிக்காய் அளவுக் கட்டிகள் பத்துப் பன்னிரண்டு கிடந்தால் நீர்ப்பையில் அழற்சி இருக்கலாம். கட்டிகள் வழக்கத்தைவிடப் பெரிதாகி, பூனையும் அடிக்கடி தண்ணீர் குடித்தால் சிறுநீரகமோ சர்க்கரை நோயோ காரணமாக இருக்கலாம். அள்ளும் போதே எண்ணிவிடும் பழக்கம் ஒரு நிமிடம்கூட எடுக்காது.

தட்டுக்கு அருகிலேயே, ஆனால் வெளியே போகிறது

பூனை தட்டைத் தேடி வந்திருக்கிறது, பயன்படுத்தத்தான் முடியவில்லை என்று இதற்குப் பொருள். முதலில் அளவைப் பார்க்க வேண்டும். எங்கள் செவலைக் கடுவன் (ஆண் பூனை) மாதக்கணக்கில் தட்டின் ஓரத்தில் ஈரம் வைத்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் தரையில் உட்கார்ந்து கவனித்தேன். நான்கு கால்களையும் ஒழுங்காக உள்ளே வைத்து, ஒரு சுற்றுச் சுற்றி, மணலைக் கிளறி, அமர்ந்தது. கால்கள் உள்ளே இருந்தன, வாலும் இடுப்பும் விளிம்பைத் தாண்டி வெளியே நின்றன. சிறுநீர் அப்படியே தரையில் விழுந்தது. பிறகு அது மிகுந்த பொறுப்போடு உள்ளே இருந்த மணலைக் கிளறி மூடிவிட்டுப் போனது. அது தூங்கும் போது நூல் பிடித்து அளந்தேன். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை 42 சென்டிமீட்டர். கடையில் வாங்கிய தட்டின் நீளம் 38 சென்டிமீட்டர்.

தட்டின் நீளம் பூனையின் உடல் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. அந்தக் கணக்கில் செவலைக்கு 63 சென்டிமீட்டர் தேவை. அப்படிப்பட்ட தட்டு கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. போர்வைகளைப் போட்டுவைக்கும் பெரிய பிளாஸ்டிக் சேமிப்புப் பெட்டியை வாங்கி, ஒரு பக்கத்தில் மட்டும் தரையிலிருந்து 12 சென்டிமீட்டர் உயரத்தில் வாசல் வெட்டி, வெட்டிய விளிம்பைக் கீறாதபடி தேய்த்து, மேலே டேப் ஒட்டினால் போதும். மற்ற மூன்று பக்கங்களும் உயரமாக இருப்பதால் நின்றுகொண்டே சிறுநீர் விடும் பூனைக்கும் இது ஏற்றது. வயதான பூனைக்கு வாசல் இன்னும் தாழ இருக்க வேண்டும், ஏழு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். மூட்டு வலியால் காலைத் தூக்கி வைக்க முடியாத பூனையே விளிம்புக்கு இப்பால் நின்றுவிடுகிறது.

அளவு சரியாக இருந்தும் வெளியே போனால், தட்டு அழுக்காக இருக்கிறது என்று கொள்ளலாம். காலையில் ஒரு முறை, இரவு படுக்கும் முன் ஒரு முறை அள்ளிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே வாரத்தில் நின்றுவிடும். சமையலறையிலிருந்து ஓய்வு கொடுத்த ஜல்லிக் கரண்டியே நல்ல சல்லடை. துளை சிறியது என்பதால் கடையில் விற்கும் பிளாஸ்டிக் கரண்டியைவிடத் துணுக்குகளை நன்றாகப் பிடிக்கிறது.

துணிக் குவியலிலும் மிதியடியிலும் போகிறது

துவைக்கப் போட்ட துணி, ஜமுக்காளம், கோரைப் பாய், குளியலறை வாசலின் மிதியடி என்று மென்மையானவற்றைத் தேடிப் போகும் பூனைக்கு மணல் காலில் குத்துகிறது என்று பொருள் கொள்ளலாம். உருண்டை மரத்துண்டு வகையிலும், பெரிய சிலிகா படிக வகையிலும் இது அடிக்கடி நேர்கிறது. பெரும்பாலான பூனைகள் வாசனை சேர்க்காத, மெல்லிய துகள்களாலான மணலையே விரும்புகின்றன. மல்லிகை, லாவெண்டர் என்று மணமூட்டியவை நம் மூக்குக்காகச் செய்யப்படுபவை, பூனையின் மூக்குக்கு அவை அளவுக்கு மீறிய நெடி. இன்னொரு காரணம், தட்டில் வைத்து ஒரு முறை வலித்திருப்பது. சிறுநீர்த் தொற்று தீர்ந்த பிறகும் ‘அந்த இடம் வலிக்கும்’ என்ற நினைவு தங்கிவிடும். அதற்கு வேறு வடிவத்தில், வேறு இடத்தில், வேறு மணலோடு புதிய தட்டு ஒன்றைக் கூடுதலாக வைப்பதே தீர்வு, பழையதை எடுக்க வேண்டாம்.

நனைந்த இடத்தைச் சுத்தம் செய்யும் முறையிலும் பிழை நேர்கிறது. நம் வீடுகளில் கை முதலில் போவது பினாயிலுக்கு. பீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே அது உடலுக்குள் போகிறது. பிளீச்சிங் பவுடர் சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்தால் மூச்சை முட்டும் குளோரமின் வாயு உண்டாகும். ஈரத்தை முதலில் பழந்துணியால் ஒற்றி எடுத்து, நொதி (என்சைம்) கலந்த துப்புரவு நீர்மத்தை ஊற்றி, புட்டியில் குறிப்பிட்ட நேரம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். அது கிடைக்காத போது, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வெள்ளை வினிகர் ஓரளவு உதவும். காய்ந்துபோன பழைய கறைகள் எங்கே என்று தெரியாவிட்டால், கள்ள நோட்டைப் பார்க்கக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் புற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்துப் பாருங்கள், சிறுநீர் பட்ட இடம் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும்.

அன்றாடம் அள்ளியும் நெடி குறையவில்லை

சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வரும் புகார் இது. சிறுநீரில் உள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக உடைக்கின்றன, வெப்பம் கூடக் கூட அந்த வேலை விரைவாகிறது. வெயில் நேரே விழும் பால்கனியில், தகரக் கூரைக்குக் கீழே, காற்றில்லாத மாடிப்படி அடியில் தட்டை வைத்திருந்தால் முதலில் இடத்தை மாற்றுங்கள்.

பழைய வழக்கம் ஒன்றை இங்கே மரியாதையோடு மறுக்க வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாயி என்னிடம், “அடுப்புச் சாம்பல ரெண்டு கை போடு கண்ணு, நாத்தம் அடங்கிரும்” என்று சொன்னார். அவர் சொன்னதில் உண்மை உண்டு, சாம்பல் ஈரத்தை இழுக்கும். ஆனால் சாம்பலும் சுண்ணாம்பும் காரத்தன்மை உடையவை. காரம் கூடும் போது சிறுநீரில் கரைந்திருக்கும் அம்மோனியா வாயுவாக வெளியேறுவது அதிகரிக்கும், ஆகவே இரண்டு நாள் கழித்து நெடி முன்னைவிடக் கூடும். ஈரமான சாம்பல் பாதத்தின் தோலையும் அரிக்கும். திறந்த வெளியில், குழி தோண்டி மூடிய காலத்துக்கு அது பொருந்தியது, மூடிய வீட்டுக்குள் பொருந்தாது. தட்டின் அடியில் ஒரு கரண்டி சமையல் சோடாவைத் தூவி அதன் மேல் மணலைப் பரப்புவதைப் பூனைகள் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. நெடியின் ஒரு பகுதியை அது ஏற்றுக்கொள்ளும், ஆனால் அள்ளுவதற்கு அது மாற்றாகாது.

மணலைப் புதிதாகக் கொட்டிய அன்றே நெடி வந்தால், குற்றம் தட்டினுடையது. நகக் கீறல்களில் சிறுநீர் ஊறிப்போன பிளாஸ்டிக்கை எவ்வளவு தேய்த்தாலும் மணம் போகாது. ஆண்டுக்கு ஒரு முறை தட்டை மாற்றிவிடுவது சிக்கனம். மூடி வைத்த தட்டும் நெடியை நம்மிடமிருந்து மறைக்கிறது, உள்ளே நுழையும் பூனைக்கு அது இரட்டிப்பாகிறது. எனவே மூடியை எடுத்துவிட்டுப் பாருங்கள். கருத்தடை செய்யாத கடுவனின் சிறுநீர் நெடி வேறு வகை, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

மணல் கட்டியாகாமல் சேறாக அடியில் ஒட்டுகிறது

கட்டியாகும் மணல் என்பது பென்டோனைட் என்னும் களிமண். நம் நாட்டில் இது குஜராத்தின் கட்ச், பாவ்நகர் பகுதிகளிலும் ராஜஸ்தானின் பார்மர் பகுதியிலும் கிடைக்கிறது. சேலம் சுண்ணாம்புக்கரட்டில் வெள்ளையாகத் தெரிவது மாக்னசைட், அது தண்ணீரில் ஊதாது, இதற்குப் பயன்படாது. பென்டோனைட்டிலும் சோடியம் வகைதான் நீரைக் குடித்துப் பல மடங்கு உப்பி இறுகும். கால்சியம் வகை குறைவாகவே உப்பும், கட்டி உதிர்ந்துவிடும். இரண்டு கரண்டி மணலைக் கிண்ணத்தில் போட்டுச் சிறிதளவு தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்தால், மூட்டை எந்த ரகம் என்பது தெரிந்துவிடும்.

ரகம் நல்லதாக இருந்தும் சேறானால் ஆழம் போதவில்லை. மணல் 5 முதல் 7 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால்தான் சிறுநீர் அடியைத் தொடும் முன் கட்டியாகும். 45க்கு 35 சென்டிமீட்டர் தட்டில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 8 லிட்டர் வேண்டும், பென்டோனைட்டில் ஒரு லிட்டர் தோராயமாக ஒரு கிலோ. பெரும்பாலானோர் வாங்குவது 5 கிலோப் பை. அதைக் கொட்டினால் ஆழம் மூன்று சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். மணலைக் குறை சொல்லி ரகத்தை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள், ஒரு முறை அளவுகோலை மணலில் செங்குத்தாக நட்டுப் பார்க்க வேண்டும்.

ஏற்காட்டில் மூன்றாவது காரணம் ஒன்று சேர்கிறது. பனி மூடிய நாள்களில் திறந்த மூட்டை காற்றின் ஈரத்தையே குடித்துவிடுகிறது. சிலிகா படிகத்தின் நிலை இன்னும் மோசம், ஈரத்தை இழுப்பதே அதன் தொழில் என்பதால் பூனை பயன்படுத்தும் முன்பே அதன் கொள்ளளவில் ஒரு பங்கு போய்விடும். அங்கே மணலை இறுக மூடும் அரிசி டிரம்மில், தரையைத் தொடாதபடி பலகை மேல் வைக்க வேண்டும்.

மாதம் முடியுமுன் மணல் தீர்ந்துவிடுகிறது

இது கணக்கில் நேரும் பிழை. எல்லோரும் ஒன்றை மட்டும் கணக்கிடுகிறார்கள், அதாவது அன்றாடம் அள்ளி எடுத்ததை ஈடுசெய்யச் சேர்க்கும் மணல். எங்கள் வீட்டில் மூட்டையைத் திறக்கும் நாளன்று தேதியை மார்க்கரால் அதன் மேலேயே எழுதிவிடுகிறேன். மூன்று பூனைகளுக்கு இந்த ஈட்டுக்காக 10 கிலோ மூட்டை 24 நாள் வருகிறது, அதாவது ஒரு பூனைக்கு நாளொன்றுக்கு 140 கிராம், மாதத்துக்கு மூன்று பூனைகளுக்கும் பன்னிரண்டரை கிலோ.

விடுபட்டுப்போவது, தட்டை முழுதாகக் கொட்டி நிரப்பும் நாள். பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டினால் வருவது தட்டுகளின் எண்ணிக்கை என்பது பொது விதி. அதன்படி எங்களுக்கு நான்கு: 12 கிலோ கொள்ளும் பெரிய தட்டுகள் இரண்டு, 8 கிலோ கொள்ளும் நடுத்தரத் தட்டுகள் இரண்டு, ஆக ஒரு முழு நிரப்புக்கு 40 கிலோ. கட்டியாகும் மணலை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை முழுதாக மாற்றச் சொல்வார்கள். நாள்தோறும் இருமுறை அள்ளுவதால் எங்கள் வீட்டில் ஆறு வாரம் தாங்குகிறது, கோடையில் நான்கு வாரம்தான். ஆக, சாதாரண மாதத்தில் ஏறத்தாழ 41 கிலோ, கோடை மாதத்தில் 55 கிலோ. ‘மாதம் 15 கிலோ போதும்’ என்று எண்ணி வாங்கியவர்களுக்கு மூன்றாம் வாரம் ஏன் முட்டுகிறது என்பது இந்த இரண்டாவது கணக்கில் இருக்கிறது.

நான்கு தட்டுகளையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை கொட்டி நிரப்பாமல், வாரத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள். செலவு பரவும், மூட்டை தூக்கும் முதுகும் தப்பும், வீட்டில் எப்போதும் ஒரு தட்டாவது பூனைக்குப் பழகிய மணத்தோடு இருக்கும். இந்த மூன்றாவது பயன்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, எல்லாத் தட்டுகளும் ஒரே நாளில் புதிதானால் சில பூனைகள் திகைத்து நிற்கும். சிலிகாவுக்கும் மரத்துண்டுக்கும் எடைக் கணக்கு வேறு. அவற்றுக்கும் தேதி எழுதும் முறையையே பின்பற்றி உங்கள் வீட்டு எண்ணை நீங்களே கண்டுபிடியுங்கள்.

கையிருப்பைப் பொறுத்தவரை, நகரத்தில் இரண்டு வாரத்துக்கும் ஏற்காட்டில் முழு மாதத்துக்கும் வைத்திருக்க வேண்டும் என்பது என் முடிவு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிப் பெய்த மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. அப்படிப்பட்ட நாள்களில் கீழிருந்து பாலும் காய்கறியும் ஏறுவதே பெரிது, பூனை மணலை யாரும் ஏற்றிவர மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் இறுதிக்குள் டிரம் நிறைந்திருக்க வேண்டும்.

உண்மையிலேயே தீர்ந்துவிட்டால், செய்தித்தாளைக் கீற்றாகக் கிழித்து எஞ்சிய மணலோடு கலந்து ஒரு தட்டில் போடலாம், நாள்தோறும் முழுதாக மாற்ற வேண்டும். கழுவிக் காயவைத்த ஆற்று மணலும் சில நாள்கள் தாங்கும், கட்டியாகாது, நெடியைப் பிடிக்காது, ஆனால் பூனை மறுக்காது. கட்டடத்துக்கு வாங்கும் எம்.சாண்ட் வேண்டாம், அதன் துகள் கூர்மையானது, தூசியும் மிகுதி. எஸ்டேட்டில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று காப்பித் தொலியைப் போடுவதும் வேண்டாம். காப்பியில் உள்ள காஃபீன் பூனைக்கு நஞ்சு, பாதத்தில் ஒட்டியதை அது நக்கத்தான் செய்யும்.

வாங்கிவந்த புது வகையைப் பூனை தொடவில்லை

மாற்றம் திடீரென்று நிகழ்ந்துவிட்டது. பழைய மணலில் கால் பங்கு புதியதைக் கலந்து தொடங்கி, ஏழு முதல் பத்து நாள்களில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். அதற்குப் பழைய மணல் கையில் இருக்க வேண்டும் என்பதால்தான் மூட்டை காலியாகும் முன்பே புதிய வகையை முடிவு செய்யச் சொல்கிறேன்.

தட்டில் எறும்பு, பூஞ்சணம்

சோயா நாரில் செய்த டோஃபு மணலிலும், சோளம், மரவள்ளி போன்ற மாவுப் பொருளில் செய்தவற்றிலும் இது நேரும். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளில் கழியும் மரவள்ளிச் சக்கையான திப்பி நம் ஊரில் மலிவு. அதைக் காயவைத்து மணலாகப் பயன்படுத்தலாம் என்று நானும் ஒரு முறை முயன்றேன். முதல் இரண்டு நாள் நன்றாகவே கட்டியானது. மூன்றாம் நாள் காலையில் தட்டின் விளிம்பிலிருந்து சுவர் வரை கட்டெறும்புச் சாரை, மணலைக் கிளறினால் உள்ளே சாம்பல் நிறப் பூஞ்சணமும் புளித்த வாடையும். மாவுச்சத்து மிச்சமிருக்கும் எதுவும் ஈரத்தோடும் வெப்பத்தோடும் சேர்ந்தால் புளிக்கத்தான் செய்யும். டோஃபு மணலைப் பயன்படுத்துவதானால் சிறு பொதியாக வாங்கி, ஒரே வாரத்தில் முடிக்கும் அளவே தட்டில் போடுங்கள். எறும்புக்குச் சாக்பீஸோ மருந்துப் பொடியோ தட்டைச் சுற்றிப் போடக் கூடாது. தட்டைவிட அகலமான ஒரு தாம்பாளத்தில் ஒரு விரல் கடை தண்ணீர் ஊற்றி, நடுவில் ஓடு அடுக்கி, அதன் மேல் தட்டை வைத்தால் எறும்பு ஏறாது.

பென்டோனைட் போட்ட தட்டில், சிறுநீர்க் கட்டியை மட்டும் எறும்பு மொய்த்தால் அதை வேறு விதமாகப் பார்க்க வேண்டும். சிறுநீரில் சர்க்கரை இறங்குகிறதா என்று சோதிக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

தும்மல், வீடெங்கும் துகள்

மூட்டையைத் தூக்கிக் கொட்டாமல், தாழப் பிடித்து மெதுவாகச் சரித்தால் தூசி பாதியாகும். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் மரத்துண்டோ சிலிகாவோ நல்லது. மர மில்லின் மெல்லிய தூளும் தூசிதான். துகள் சிதறுவதற்குத் தட்டின் வாசலில் நீளமான தேங்காய் நார் மிதியடி போதும், குறைந்தது நான்கு அடி எடுத்துவைக்கும் நீளம் இருக்கட்டும். நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகள் எதையும் தின்று பார்க்கும், வயிற்றில் இறுகிவிடும் பென்டோனைட்டை அவற்றுக்கு வைக்கக் கூடாது, காகித மணலோ மரத்துண்டோ வையுங்கள். வளர்ந்த பூனை மணலைத் தின்றால் இரத்தசோகை உண்டா என்று பார்க்க வேண்டும்.

ஒரு பூனை மட்டும் தட்டுக்கு வருவதில்லை

நான்கு தட்டுகளையும் ஒரே அறையில் வரிசையாக வைத்திருந்தால், பூனையின் கண்ணில் அது ஒரே தட்டு. வாசலில் ஒரு பூனை படுத்துக்கொண்டால் நான்கும் அடைபட்டுவிடும். சண்டை, சீறல் எதுவும் நமக்குத் தெரியாது. வலுத்த பூனை வழியில் அமர்ந்து பார்ப்பதே போதும், நலிந்தது திரும்பிவிடும். தட்டுகளைத் தனித்தனி அறைகளில், முடிந்தால் ஒவ்வொரு தளத்திலும், தப்பிக்க இரண்டு வழி உள்ள இடங்களில் வையுங்கள். சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு அருகிலோ, திடீரென்று அதிரும் துணி துவைக்கும் எந்திரத்துக்குப் பக்கத்திலோ வேண்டாம். என் தங்கை வீட்டில் சிறிய பெண் பூனை மூன்று வாரமாகக் கட்டிலுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. ஒரு தட்டை மட்டும் கூடத்திலிருந்து பின்கட்டு அறைக்கு மாற்றிய அன்றிரவே அது அங்கே போனது.

சுவரிலும் கதவிலும் பீய்ச்சுகிறது

இது கழிப்பது அன்று, எல்லை குறிப்பது. நின்றபடி, வாலைத் தூக்கி நடுக்கி, செங்குத்தான பரப்பில் சிறிதளவே விடும். மணலையோ தட்டையோ மாற்றுவதால் மட்டும் இது தீராது. கடுவனுக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்தால் பத்தில் ஒன்பது பூனைகளில் இது குறைகிறது அல்லது நின்றுவிடுகிறது, அந்தக் கடுமையான நெடியும் அடங்குகிறது. கருத்தடை செய்த பூனையும் திடீரென்று தொடங்கினால், சன்னலுக்கு வெளியே புதிய தெருப்பூனை எதுவும் வந்து உட்காருகிறதா என்று பார்த்து, கீழ்ப்பாதிக் கண்ணாடியைக் காகிதம் ஒட்டி மறைத்துவிடுங்கள்.

பூந்தொட்டியில் தோண்டுகிறது

தொட்டி மண்ணின் மேல் கூழாங்கல்லோ கருங்கல் ஜல்லியோ பரப்புங்கள். துளசி மாடத்துக்கும் இதுவே போதும். வீட்டினுள் தட்டில் இருப்பதைவிடத் தொட்டி மண் அதற்குப் பிடித்திருக்கிறது என்பதையும் குறித்துக்கொண்டு, இன்னும் மெல்லிய மணலுக்கு மாறலாம்.

கழிப்பறைக் குழாய் அடைத்துக்கொண்டது

பென்டோனைட்டைக் கழிப்பறையில் கொட்டியிருப்பீர்கள். வளைவுக் குழாயில் போய் உப்பி இறுகுவதுதான் அதன் இயல்பு. அள்ளியதைக் காகிதத்தில் பொதிந்து, குப்பையில் தனியாகக் கட்டிப் போட வேண்டும். கீரைப் பாத்திக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் உரமாக இடக் கூடாது. பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியின் முட்டைகள் இருக்கக்கூடும். அவை வெளிவந்த உடனே தொற்றுவதில்லை, தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். நாள்தோறும் அள்ளுவதால் அந்த நிலைக்கு முன்பே அவை வீட்டைவிட்டுப் போய்விடுகின்றன. கருவுற்ற பெண் வீட்டில் இருந்தால் பூனையைத் துரத்த வேண்டியதில்லை, அள்ளும் வேலையை மற்றவர் எடுத்துக்கொண்டால் போதும். வேறு ஆளே இல்லாவிட்டால் கையுறை அணிந்து அள்ளி, பிறகு சோப்பால் கை கழுவ வேண்டும்.

எல்லாவற்றையும் சரிசெய்தும் தொடர்கிறது

மருத்துவர் சிறுநீர் மாதிரி கேட்பார். மணலில் ஊறியதைக் கொண்டுபோக முடியாது என்பதால், ஒரு தட்டை நன்றாகக் கழுவிக் காயவைத்து, மீன் தொட்டிக்குப் போடும் கூழாங்கற்களை வெந்நீரில் அலசி உலர்த்தி, அடி மூடும் அளவுக்கு மெல்லியதாகப் பரப்பி, பூனையை அந்தத் தட்டு மட்டும் உள்ள அறையில் விடுங்கள். நீரை உறிஞ்சாத கற்களுக்கு அடியில் தேங்குவதை ஊசியில்லாத சிரிஞ்சால் எடுத்துச் சுத்தமான புட்டியில் அடைத்து, உடனே கொண்டுபோக முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, சில மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். அதோடு, கடந்த இரண்டு வாரத்தில் எந்தத் தேதியில் எங்கே போனது, தட்டில் எத்தனை கட்டி இருந்தது, எந்த நாளில் எந்த மணலுக்கு மாறினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். எங்கள் செவலையின் நீர்ப்பை அழற்சியை மருத்துவர் அந்தத் தாளின் ஐந்தாவது வரியிலேயே கண்டுகொண்டார்: ‘செவ்வாய், 11 கட்டி, எல்லாம் சிறியவை.’